கரண்ட் வந்ததும் பழைய எண்

டிரங்க் கால் கேட்டால் லைன் உடனே கிடைக்காது. டிக்கெட் நம்பர்தான் உடனே கிடைக்கும். 180 சுழற்றி, மெட்ராஸில் இன்ன நம்பர் வேண்டும் என்று சொன்னதும் ஆபரேட்டர் சிறிய அச்சுத்தாள் ஒன்றை இழுத்துப் பென்சிலால் நிரப்புவார். யார் கேட்கிறார், எந்த ஊர், எந்த எண், ஆர்டினரியா அர்ஜென்டா லைட்னிங்கா, இன்னார் வந்தால்தான் பேச்சு என்கிற பி.பி. காலா, எத்தனை மணிக்குப் புக் ஆனது. கடைசியில் டிக்கெட் எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அதற்குப் பிறகு கேட்டவருக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் இருக்கும் ஒரே பிடி அந்த எண்தான். இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என் கால் என்னங்க ஆச்சு?" என்று கூப்பிட்டால் யாரும் பெயரைக் கேட்க மாட்டார்கள். டிக்கெட் நம்பரைத்தான் கேட்பார்கள்.

போர்ட் பிளேரில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன். வீடு அன்றும் இன்றும் புரோத்ராபூரில்தான். காராச்சர்மா தாண்டி, ஜெயில் இருக்கும் பக்கம். 1980களில் எங்கள் டிரங்க் லைன் செயற்கைக்கோள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒன்றுக்குப் போய்த் திரும்பி இறங்க, குரலுக்குக் கால் நொடி ஆகும். பதில் வர இன்னொரு கால் நொடி. பழக்கமில்லாதவர்கள் இந்த அரை நொடி மௌனத்தைப் பொறுக்க மாட்டாமல் இன்னொரு முறை "ஹலோ" சொல்வார்கள். அதே நேரம் அந்தப் பக்கத்து ஹலோவும் வந்து மோதும். மூன்று நிமிடக் காலில் நல்ல பங்கு ஹலோவிலேயே கரையும். கல்யாணமாகி ஆறு மாதத்தில் கப்பல் ஏறி வந்த பையன்களுக்காக மூன்று நிமிடம் முடிந்தது என்று சொல்வதைச் சற்றுத் தாமதப்படுத்திய ஆபரேட்டர்கள் உண்டு. பெயர் வேண்டாம்.

அந்தத் தாளில் ஒரு நல்ல குணம் இருந்தது. கால் கிடைக்காமல் கேன்சல் ஆனாலும் டிக்கெட்டைக் கிழித்துப் போட மாட்டோம். கேன்சல் என்று எழுதிக் கட்டோடு சேர்த்து வைப்போம். கட்டில் 112க்கு அடுத்து 114 இருந்தால் சூப்பர்வைசர் 113 எங்கே என்று கேட்பார். இரண்டு 113 இருந்தாலோ இன்னும் பெரிய சத்தம் வரும். இரவில் கரண்ட் போய், பேட்டரியில் போர்டை ஓட்டி, மண்ணெண்ணெய் விளக்கில் எழுதினாலும் அடுத்த டிக்கெட்டின் எண் முந்தைய டிக்கெட்டுக்கு அடுத்ததுதான். அதை நினைவில் வைத்திருந்தது காகிதம். காகிதத்துக்குக் கரண்ட் வேண்டாம்.

மனிதர்களுக்கே எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிய ஊர் இது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1858 மார்ச் 10 அன்று வாக்கர் என்ற ஜெயில் அதிகாரி 200 கைதிகளோடு இங்கே வந்து இறங்கியதில் தொடங்கிய குடியிருப்பில், கைதியின் கழுத்தில் மரப்பட்டயம் தொங்கியது. எண், தண்டனைப் பிரிவு, தீர்ப்புத் தேதி, விடுதலைத் தேதி எல்லாம் அதில் இருக்கும். 1911இல் வந்த சாவர்க்கரின் எண் 32778. எண் போடுகிறவன் கையில் அதிகாரம் இருக்கும். ஆனால் அந்த எண் திரும்ப வராமல் காப்பது அதிகாரம் அல்ல, ஆபீஸில் ஒரு குமாஸ்தா பராமரித்த பேரேடு.

டெலிபோனில் இந்தப் பேரேடு பழக்கத்தை முதலில் உடைத்தது எஸ்.டி.டி. 1960 நவம்பரில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவே அது தொடங்கியது. ஆபரேட்டர் இல்லாமல் நேரே டயல் செய்யலாம். ஆபரேட்டர் போனதும் டிக்கெட்டும் போயிற்று. எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு மீட்டர். தூரம் கூடக் கூடத் துடிப்பு நெருங்கி விழும், மீட்டர் நகரும், அவ்வளவுதான். குறிப்பிட்ட இடைவெளியில் மீட்டர் வரிசையைப் போட்டோ எடுத்து, முந்தைய எண்ணைக் கழித்து பில் போட்டார்கள். தனித்தனி அழைப்பு என்ற ஒன்று அந்தக் கணக்கில் கிடையவே கிடையாது. மொத்தம் இத்தனை யூனிட். "நான் இவ்வளவு பேசவே இல்லை" என்று ஒருவர் பில்லைத் தூக்கிக்கொண்டு வந்தால் காட்டுவதற்கு ஒரு போட்டோதான் இருக்கும். நாடாளுமன்றம் வரை பேசப்பட்ட பில் தகராறுகளுக்கு வேர் இதுதான் என்பது என் எண்ணம். அழைப்புக்குப் பெயர் இல்லாவிட்டால் அதைப் பற்றி வாதாட முடியாது.

அபர்தீன் பஜாரில் மஞ்சள் பலகை பி.சி.ஓ.க்கள் இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தன. பூத்துக்குள் சிவப்பு எண்கள் ஓடும் மெஷின்; பேசி முடித்ததும் ஒரு சீட்டு வெளியே வரும்: வரிசை எண், தேதி, டயல் செய்த எண், நேரம், தொகை. இரவு கட்டணம் இறங்கிய பிறகு நிற்கும் வரிசையில் யாருக்கும் அந்த வரிசை எண்ணைப் பற்றிக் கவலை இல்லை. கடைக்காரருக்கு உண்டு. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டால் மெஷின் எல்லாவற்றையும் மறந்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ஒரே மாதத்தில் இரண்டு ஒன்றாம் நம்பர் சீட்டு. நாற்பது ரூபாய் பேட்டரிச் சமாசாரம் என்று அப்போது நினைத்தோம்.

அமெரிக்காக்காரர்கள் இதே பிரச்சினையை எங்களுக்கு முன்னால் வேறு விதமாகச் சமாளித்திருந்தார்கள். 1948இல் பென்சில்வேனியாவில் மீடியா என்ற சிற்றூரில் பெல் நிறுவனம் ஓர் ஏற்பாட்டை ஓட்டியது. எக்ஸ்சேஞ்சே காகித நாடாவில் துளையிட்டு அழைப்புகளைப் பதிவு செய்யும். சிக்கல் என்னவென்றால் ஓர் அழைப்பு ஒரே இடத்தில் பதிவாகாது. டயல் செய்யும்போது ஒரு வரி, எதிர்முனை எடுக்கும்போது ஒரு வரி, வைக்கும்போது ஒரு வரி. நடுவில் வேறு அழைப்புகளின் வரிகள் புகுந்திருக்கும். எந்த வரி எதோடு சேரும்? அதற்காக ஒவ்வொரு டிரங்குக்கும் இரண்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, மூன்று வரியிலும் அதையே துளையிட்டார்கள். ஒரு ரெக்கார்டருக்கு 100 டிரங்க். ஆக 00 முதல் 99 வரை போதும். கால் முடிந்ததும் அதே எண் அடுத்த காலுக்குப் போகும். ஆனால் நாடா ஒரே திசையில்தான் நகரும். 47 என்று தொடங்கி 47 என்று முடிந்த பிறகு வரும் அடுத்த 47 வேறு கால் என்பது இருக்கும் இடத்தை வைத்தே தெரிந்துவிடும். இந்த எளிமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எண் பெரிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அதை ஏந்தும் பொருள் பின்னால் போகாமல் இருந்தால் போதும்.

டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் வந்ததும் எங்களுக்கும் அழைப்பு வாரியான பட்டியல் கிடைத்தது. அந்தப் பட்டியல் பில்லைத் தாண்டிக் கோர்ட் வரை போனது. 2001 நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் செல்போன் அழைப்புப் பட்டியல்கள் முக்கியச் சான்று. ஒரே கால் இரண்டு தடவை பதிவானது போல வரிகள் இருக்கின்றன என்று எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டியது. 2005 ஆகஸ்டில் வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதற்காகப் பதிவு முழுவதையும் ஒதுக்கவில்லை. ஆனாலும் ஒரு வரி இரண்டாகப் பதிவானதற்கு உயிர்போகும் வழக்கில் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. நிறுவனங்கள் இந்தப் பட்டியல்களை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று இருந்த விதி 2021 டிசம்பரில் இரண்டாண்டு ஆனது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் சும்மா இருக்கவில்லை. லாட்ஜுகளுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் இன்டர்காம், எக்ஸ்சேஞ்ச் பெட்டி பார்த்துக் கொடுக்கிறேன். அலமாரி அளவு இருந்தது இப்போது உள்ளங்கை அளவு: ராஸ்பெரி பை பலகை, அதில் ஆஸ்டரிஸ்க். மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் 1999இல் தன் சிறு கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்ச் வாங்கப் பணமில்லாமல் தானே எழுதிய மென்பொருள் அது. உலகம் பூராவும் பரவிவிட்டது. நாங்கள் பென்சிலால் எழுதிய எண்ணை அது தானே போடுகிறது. எப்படி? 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகள், ஒரு புள்ளி, பிறகு ஒரு வரிசை எண். 1500000000.0 என்று ஒரு கால் இருந்தால், 2017 ஜூலை 14 காலை 8 மணி 10 நிமிடத்துக்கு வந்தது, பெட்டி விழித்ததிலிருந்து அது முதல் சேனல், அதாவது காலின் ஒரு முனை, என்று படித்துக்கொள்ளலாம். அதே நொடியில் இன்னொரு சேனல் திறந்தால் 1500000000.1. பார்க்கக் கச்சிதமாக இருக்கும்.

ஜங்கிலிகாட் பக்கம் மீன் குளிர்சேமிப்புக் கிடங்கு ஒன்றுக்கு இப்படி ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். கடலடிக் கேபிள் வராத காலம். இன்டர்நெட் செயற்கைக்கோள் தயவில். கரண்ட் போய் வந்தால் அலாரம் டயலர் ஒன்று மேனேஜருக்குத் தானாகப் போன் அடிக்கும்; எத்தனை தடவை போயிற்று என்பது அந்தப் பட்டியலில் இருந்தால்தான் கெட்டுப்போன சரக்குக்குக் கணக்குக் காட்ட முடியும். எங்கள் தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் வருவது. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் மேனேஜர் பையன் வந்தான்.

"அண்ணே, நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்குள்ள மூணு தடவ போச்சு. எனக்கு மூணு கால் வந்துச்சு. மிஷின்ல ஒண்ணுதான் இருக்கு."

"போன்ல பாத்தியா?"

"இங்க பாருங்க, மூணும் இருக்கு."

பட்டியலைத் திறந்து பார்த்தேன். டேட்டாபேஸில் ஆஸ்டரிஸ்க் தரும் எண்ணையே திரும்பக்கூடாத சாவியாக வைத்திருந்தார்கள். இரண்டாவது, மூன்றாவது வரிகள் வந்தபோது, இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று அது கதவைச் சாத்தியிருந்தது. லாகில் அந்த மறுப்பு அப்படியே கிடந்தது. நேரத்தைக் கையில் வைத்திருக்கும் எண் எப்படித் திரும்ப வரும் என்பதுதான் கேள்வி.

அந்தப் பலகையில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் நேரம் மறந்துவிடும். அதற்குப் பதிலாக மணிக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்து, விழித்ததும் அதிலிருந்து தொடங்கும். சரியான நேரத்தை இன்டர்நெட்டில் கேட்டுத் திருத்திக்கொள்ளும். ஆனால் டிஷ் மோடம் செயற்கைக்கோளைப் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். அதற்குள் டயலர் போன் அடித்துவிடும். கோப்பில் ஐந்து மணி என்று இருந்தால் 5:10க்குப் போனாலும் 5:50க்குப் போனாலும் பெட்டிக்கு விழிப்பு ஐந்து மணிதான். வரிசை எண்ணும் மெமரியில் இருப்பதால் மறுபடி பூஜ்யம். விழித்து இத்தனை நொடியில் டயலர் அடிக்கும் என்பதும் மாறாது. நொடி அதே, புள்ளிக்குப் பின் அதே பூஜ்யம். ஒரு நொடி முன்பின் ஆகியிருந்தால் தப்பியிருக்கும், அன்றைக்கு ஆகவில்லை. பி.சி.ஓ. மெஷினின் செத்த பேட்டரி நினைவுக்கு வந்தது.

பையனுக்கு விளங்கும்படி சொல்ல, தினமும் காலையில் ஸ்லேட்டைத் துடைத்துவிட்டு 'ஒன்று' எழுதும் வாத்தியாரைச் சொன்னேன். அவன் ஸ்லேட்டைப் பார்த்ததில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

வைத்தியம் மூன்று. நாணய பேட்டரி போட்ட கடிகாரச் சில்லு ஒன்றைப் பலகையில் சொருகினேன். பெட்டிக்கு ஒரு பெயர் வைத்து எண்ணுக்கு முன்னால் அது வரும்படி செய்தேன். நாளைக்கு இரண்டாவது பெட்டி வாங்கினால் அதன் எண்ணோடு மோதாது. மூன்றாவதுதான் முக்கியம்: டேட்டாபேஸ் தனக்கென்று ஒரு தொடர் எண் வைத்துக்கொள்ளட்டும், ஆஸ்டரிஸ்கின் எண் அதில் சாதாரணக் கட்டமாக மட்டும் இருக்கட்டும். உள்ளபடி பார்த்தால் அந்த எண் காலின் எண்ணே அல்ல, சேனலின் எண். ஒரு காலில் உள்ளே வரும் சேனல் ஒன்று, வெளியே போகும் சேனல் ஒன்று. மாற்றிக் கொடுத்தால் மூன்றாவதும் உண்டு. ஒரே சேனலுக்கு இரண்டு வரி விழுவதும் உண்டு. இதற்காகவே 2010இல் வந்த 1.8 பதிப்பில் ஒரு காலின் சேனல்களையெல்லாம் சேர்த்துக் கட்டும் இன்னொரு எண்ணைக் கொடுத்தார்கள்.

டேட்டாபேஸின் தொடர் எண்ணில் பழைய டிரங்க் ஆள் ஒருவனுக்கு உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. போஸ்ட்கிரஸ் மாதிரியானவை திடீரென்று விழுந்து எழுந்தால் முப்பத்திரண்டு எண் வரை தாண்டித் தொடங்கலாம். வட்டில் கொஞ்சம் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்வதால் அப்படி. கொடுத்த எண்ணை இன்னொரு முறை கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, கொடுக்காத சில எண்களை விட்டுக்கொடுக்கிறது. எங்கள் சூப்பர்வைசர் இருந்திருந்தால் 113 எங்கே என்று நின்றிருப்பார். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ட்விட்டர் 2010இல் செய்த ஸ்னோஃப்ளேக் என்ற முறை இன்னும் கறார்: மில்லிநொடி, இயந்திர எண், வரிசை மூன்றையும் கோத்து எண் தரும், கடிகாரம் பின்னால் போனதைக் கண்டால் எண் தர மறுத்துவிடும்.

பேரேடும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம், பகடை உருட்டினால் போதும் என்று ஒரு கட்சி இருக்கிறது. யூயூஐடி என்பார்கள், 128 பிட். அதன் முதல் வகை 1582 அக்டோபர் 15இலிருந்து, அதாவது கிரிகோரியன் காலண்டர் பிறந்த நாளிலிருந்து, நேரத்தை எண்ணியது. அதிலேயே, கடிகாரம் பின்வாங்கினால் மாற்றிக்கொள்ள என்று தனியாக ஒரு சிறு கட்டம் வைத்திருந்தார்கள். எழுதியவர்கள் கரண்ட் போகும் ஊரைப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். நான்காம் வகை முழுப் பகடை. 122 பிட் தற்செயல். நொடிக்கு 100 கோடி வீதம் சுமார் 86 ஆண்டு உருட்டிக்கொண்டே இருந்தால்தான் ஏதோ இரண்டு மோதப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இன்டர்நெட் போன்களின் எஸ்.ஐ.பி. (SIP) நெறியும் இந்த வழிதான்: 2002இல் வெளியான அதன் வரையறை, ஒவ்வொரு அழைப்பின் அடையாளமும் உலகெங்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்கிறது, போன்கள் பெரும்பாலும் தற்செயல் எழுத்துகளால் அதை ஆக்குகின்றன.

பகடைக்கும் அதே நோய் வரும். 2012இல் ஹெனிங்கர், டுருமெரிக் முதலான ஆய்வாளர்கள் இன்டர்நெட் முழுதும் சாதனங்கள் பகடை உருட்டிச் செய்த மறையாக்கச் சாவிகளைச் சேகரித்துப் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ரவுட்டர்கள், சிறு பெட்டிகள் பல ஒரே ரகசியச் சாவியை வைத்திருந்தன. காரணம், முதல் தடவை விழித்தவுடனே சாவி செய்ததுதான். விழித்த மாத்திரத்தில் பெட்டிக்கு உலகம் தெரியாது. கலக்குவதற்குச் சத்தமோ அசைவோ இன்னும் சேரவில்லை. எல்லாப் பெட்டியும் ஒரே பகடையை ஒரே மாதிரி உருட்டுகிறது. நல்ல மென்பொருள்கள் இப்போது அவை போதிய அளவு சேரும் வரை காத்திருக்கின்றன. மீன் கிடங்கு டயலர் காத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போட்ட கடலடிக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர். லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை கிளைகள். அரை நொடி மௌனம் போனது. ஊர்ப்பெயரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. புரோத்ராபூர் புரோத்ராபூராகவே இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்த லாட்ஜ் எக்ஸ்சேஞ்சுகளில் பாதி மெயின்லேண்டில் இருக்கும் சர்வர்களுக்குக் குடிபோய்விட்டன. ஒரு முதலாளியின் மூன்று லாட்ஜும் ஒரே அட்டவணையில் எழுதுகின்றன. மூன்று சர்வருக்கும் நடுவில் ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்து எண் வாங்கி வரச் சொன்னால் லைன் அறுந்த அன்று மூன்றும் நிற்கும். அதனால் அங்கே ஏழாம் வகை யூயூஐடி போட்டிருக்கிறேன். 2024 மே மாதம் ஆர்.எஃப்.சி. 9562 என்ற வரையறையில் முறையாக வந்தது அது: முன்னால் மில்லிநொடிக் கணக்கில் நேரம், பின்னால் பகடை. முன்பகுதி நேரம் என்பதால் பட்டியல் தானாகவே கால் வந்த வரிசையில் நிற்கும். கடிகாரம் பொய் சொன்னால் வரிசை கொஞ்சம் கலையும், எண் மோதாது.

குறை ஒன்றே ஒன்று. கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து. போனில் யாரும் படித்துக் காட்ட முடியாது. மீன் கிடங்குப் பையன் இப்போது அந்த லாட்ஜுகளில் ஒன்றுக்கு மேனேஜர். பட்டியலில் எதையாவது தேடச் சொல்ல என்னைக் கூப்பிட்டால் எண்ணைச் சொல்வதில்லை. "அண்ணே, முந்தாநேத்து நைட்டு கரண்ட் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஒரு லேடி பேசுனாங்களே, அந்தக் கால்" என்கிறான். நானும் நேரத்தை வைத்துத் தேடி எடுத்துக் கொடுக்கிறேன்.